வழி கண்ட மருத்துவர் – சர் ரொனால்டு ராஸ்

நுழையுமுன்

ஐதராபாத் நகரின் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்திற்கு அருகில், எளிய பழங்கட்டடம் ஒன்று உள்ளது. முன்னாளில் அது படைவீரர்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. இன்று உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, சர் ரொனால்டு ராஸ் பெயரால் ஒட்டுண்ணியியல் நிலையமாக விளங்குகிறது. மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மைக்கு முதற்சான்று 1897ஆம் ஆண்டு இவ்விடத்தில்தான் கிடைத்தது. அச்சான்றைக் கண்டவரின் வாழ்க்கையையும், அவர் விட்டுச் சென்ற வினா ஒன்று பிற்காலத்தில் விடைபெற்ற முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாள்களே ஆகியிருந்தன. அவருடைய தந்தை ஆங்கிலேயப் படையில் உயர் அலுவலர். பத்துப் பிள்ளைகளுள் மூத்தவரான ராஸ், எட்டாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

ஓவியம், இசை, கவிதை, கணிதம் ஆகியவற்றில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. மருத்துவம் அவர் விரும்பிய துறை அன்று. தந்தையின் விருப்பத்திற்கிணங்கியே இலண்டனில் உள்ள புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்து பயின்றார். ஒரு தேர்வில் தேறி, மற்றொன்றில் தோற்று, சிறிது காலம் கப்பல் மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் மீண்டும் முயன்று தேர்ச்சி பெற்று, 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

பெங்களூரில் தங்கியிருந்தபோது அவருடைய வீட்டில் கொசுத்தொல்லை தாங்க முடியாததாக இருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்ட ராஸ் அந்நீரைக் கொட்டச் செய்தார், கொசுக்கள் குறைந்தன. தேங்கிய நீரை நீக்கினால் கொசுவும் நீங்கும் என்னும் இச்சிறு பாடம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

மான்சனின் வழிகாட்டல்

அக்காலத்தில் மலேரியா சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவதாகப் பலரும் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள். 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் லவெரான், நோயாளியின் குருதியில் நுண்ணிய ஒட்டுண்ணிகளைக் கண்டார். ஆயினும் அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. தொடக்கத்தில் ராஸும் ஐயுற்றவர்களுள் ஒருவரே.

1894ஆம் ஆண்டு விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸ், பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் ஆராய்ந்து கண்டவர் மான்சன். அவர் மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியின் வழியே ராஸுக்குக் காட்டி ஐயத்தைப் போக்கினார். இவ்வொட்டுண்ணியும் கொசுவின் உடலில் வளரக்கூடும் என்னும் தம் கருத்தையும் எடுத்துரைத்தார். கொசு நீரில் விழுந்து இறந்தபின், அந்நீரைப் பருகுவோருக்கு நோய் வருமென்றும் மான்சன் எண்ணினார். முதற்கருத்து சரியானது, இரண்டாவது பிழையானது. இரண்டையும் சோதித்து அறியும் பொறுப்பு ராஸின் மேல் விழுந்தது.

செகந்திராபாத்தில்

1895ஆம் ஆண்டு ராஸ் செகந்திராபாத் படைப்பிரிவின் மருத்துவராக வந்து சேர்ந்தார். மலேரியா நோயாளியின் குருதியில் பிறை வடிவான ஒட்டுண்ணிகள் அசைவற்றுக் கிடக்கும். அக்குருதியைப் பருகிய கொசுவின் வயிற்றை அவர் திறந்து பார்த்தபோது, பிறைகள் உருண்டையாகி, அவற்றிலிருந்து சாட்டை போன்ற நூலிழைகள் துடித்துக்கொண்டு வெளிவருவதைக் கண்டார். மனிதக் குருதியில் வாளாவிருந்த உயிர், கொசுவின் வயிற்றை அடைந்தவுடன் விழித்தெழுந்தது. அங்கே ஏதோ ஒரு செய்தி அதற்குக் கிட்டுகிறது என்பது தெளிவாயிற்று. அச்செய்தி யாது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

அதற்குப்பின் ஆராய்ச்சி முன்னேறவில்லை. காலராவைத் தடுக்கும் பணிக்காக அவர் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். கிடைத்த நேரத்தில் நூற்றுக்கணக்கான கொசுக்களைச் சோதித்தும் பயனில்லை. அவர் சோதித்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் உடலில் வரிகள் கொண்ட கொசுக்களுமே. மனித மலேரியாவின் ஒட்டுண்ணி அவ்வினங்களில் வளர்வதில்லை. இதனை அறியாமலே ஈராண்டுகள் கழிந்தன.

1897ஆம் ஆண்டு அவர் நீலகிரிக்குச் சென்றார். உதகமண்டலத்திற்குக் கீழே உள்ள சீகூர் மலைச்சரிவு மலேரியாவுக்குப் பெயர்போனது. அங்கு ஆய்வு செய்யப் போனவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. குவினைன் மருந்தால் அவர் உயிர் பிழைத்தார். அப்பகுதியில் சிறகுகளில் புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறக் கொசு ஒன்றை அவர் கண்டிருந்தார். அஃது அவருடைய நினைவில் நின்றது.

1897 ஆகஸ்டு 20

சூன் மாதம் செகந்திராபாத் திரும்பிய ராஸ் மீண்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். வெப்பம் கடுமையாக இருந்தது. விசிறியை இயக்கினால் அறுத்து வைத்த கொசுவின் நுண்ணுறுப்புகள் பறந்துவிடும். ஆதலால் விசிறியின்றியே உழைத்தார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன.

ஆகஸ்டு மாதம் அவருடைய உதவியாளர்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில வெளிவந்தன. அவை அனோபிலஸ் இனத்தைச் சேர்ந்தவை. உசேன் கான் என்னும் நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு, 16ஆம் நாள் அவற்றைத் தம்மைக் கடிக்கவிட்டார். அடுத்தடுத்த நாள்களில் கொசுக்களில் சில இறந்தன. சில சோதனைக்கு உள்ளாயின. 20ஆம் நாள் எஞ்சியவற்றுள் ஒன்றை ராஸ் அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில் அதுவரை எந்தக் கொசுவிலும் காணாத உருண்டைச் செல்கள் இருந்தன. அவற்றினுள் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய நிறமித் துகள்கள் காணப்பட்டன. மறுநாள் வேறொரு கொசுவில் அச்செல்கள் இன்னும் பெரியனவாக இருந்தன. அவை கொசுவின் உறுப்புகள் அல்ல, கொசுவுக்குள் வளரும் ஒட்டுண்ணியே என்பதற்கு அவ்வளர்ச்சியே சான்றாயிற்று. கவிதை புனையும் வழக்கமுடைய ராஸ் இவ்வெற்றியைக் குறித்து ஒரு கவிதையும் எழுதினார். ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

கல்கத்தாவில் நிறைவு

வெற்றியின் வாயிலில் நின்றபோதே ராஸுக்கு மாறுதல் ஆணை வந்தது. மலேரியா நோயாளிகள் அரிதாக இருந்த இராசபுதனத்துக் கெர்வாராவில் அவர் சில மாதங்கள் கழிக்க நேர்ந்தது. மான்சன் முதலியோரின் முயற்சியால் 1898ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய இசைவு கிடைத்தது.

அங்கு மனித நோயாளிகள் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே பறவைகளுக்கு வரும் மலேரியாவை அவர் ஆராய்ந்தார். முகமது பக்சு என்னும் உதவியாளர் கொசுக்களைத் திரட்டியும் வளர்த்தும் துணைநின்றார். அவ்வாண்டு சூலையில், முதிர்ந்த உருண்டைகள் வெடித்து, நூல் போன்ற நுண்ணுயிர்கள் வெளிப்பட்டுக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை ராஸ் கண்டார். அத்தகைய கொசுக்கள் கடித்த நலமான சிட்டுக்குருவிகள் நோயுற்றன. நோய் நீரால் வருவதன்று, கொசுக்கடியால் வருவது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் கிராசி முதலிய இத்தாலிய அறிஞர்கள், மனித மலேரியாவின் முழுச் சுழற்சியும் அனோபிலஸ் கொசுவில் நிகழ்வதை மெய்ப்பித்தனர். முதன்மை யாருக்கு என்னும் பூசல் ராஸுக்கும் கிராசிக்கும் இடையே நெடுங்காலம் நீடித்தது.

1899இல் ராஸ் இந்தியப் பணியிலிருந்து விலகி, இங்கிலாந்தின் லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவம் கற்பித்தார். 1902ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இந்திய மண்ணில் பிறந்து அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. பிற்காலத்தில் அவர் தம் கணிதப் புலமையை மலேரியாவின் பரவலை ஆராயப் பயன்படுத்தினார். கொசுக்களை முற்றிலும் அழிக்க வேண்டுவதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாகத் தணியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார்.

செல்லின் வாயிலில்

ஒட்டுண்ணி செல்லும் வழியை ராஸ் கண்டார். ஆனால் அது மனிதச் செல்லுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது அவருடைய நுண்ணோக்கிக்கு எட்டவில்லை. அவ்வினாவுக்கு விடை காண உதவிய கருத்து அவருடைய காலத்திலேயே முளைவிட்டிருந்தது. செல்லின்மேல் குறிப்பிட்ட பொருள்களை மட்டும் பற்றிக்கொள்ளும் பகுதிகள் உண்டு என்று செர்மானிய அறிஞர் பால் எர்லிக் கருதினார். 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லாங்லி, தசையின் மீது நஞ்சுகள் செயற்படும் விதத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ அதே கருத்தை வந்தடைந்தார். அப்பகுதிகள் இன்று ஏற்பிகள் எனப்படுகின்றன.

ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. வெளியில் உள்ள பொருள்கள் பலவற்றை அச்சவ்வு உள்ளே விடுவதில்லை. எனினும் உடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும். அதற்கு உதவுபவையே சவ்வில் பதிந்துள்ள ஏற்பிகள். இவை புரதங்களால் ஆனவை. ஏற்பியின் ஒரு முனை செல்லுக்கு வெளியிலும், மறுமுனை உள்ளேயும் இருக்கும்.

வீட்டு வாயிலில் உள்ள அழைப்புமணி இதற்கு நல்ல உவமை. வந்தவர் வெளியில் நின்றே பொத்தானை அழுத்துகிறார். மணி வீட்டுக்குள் ஒலிக்கிறது. தெருநாய் ஒன்று சிறுவனைத் துரத்தும்போது, அவனுடைய சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் விடுகின்றன. அது இதயச் செல்லை அடைந்து, அதன் ஏற்பியில் பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்துகிறது. உடனே ஏற்பியின் வடிவம் சிறிது மாறுகிறது. அம்மாற்றம் உள்முனைக்கு அருகில் காத்திருக்கும் புரதத்தைத் தூண்டுகிறது. அப்புரதத்தின் தூண்டுதலால் செல்லுக்குள் சிறு செய்திப் பொருள்கள் பெருந்தொகையாக உருவாகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. சிறுவன் ஓடித் தப்புகிறான். அட்ரினலின் செல்லுக்குள் நுழையவே இல்லை. அதன் செய்தி மட்டும் பன்மடங்காகப் பெருகி உள்ளே பரவியது. அட்ரினலின் விலகியதும் செய்தி அடங்கி, இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உணவுக்குப்பின் இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் ஏற்கச் செய்வதும் இவ்வாறு ஏற்பியின் வழியாகவே. அச்செய்தியைச் செல்கள் சரிவர ஏற்காதபோது ஒருவகை நீரிழிவு நோய் தோன்றுகிறது.

ராஸ் கண்ட பாதை முழுவதிலும் இத்தகைய செய்திகள் உள்ளன. கொசு மனிதனைத் தேடி வருவது, அவன் வெளிவிடும் கரியமில வாயுவையும் உடல் மணத்தையும் தன் உணர்வுறுப்புகளில் உள்ள ஏற்பிகளால் அறிந்தே. 1895இல் ராஸ் வியந்து நோக்கிய பிறைகள் விழித்தெழுந்ததற்கும் காரணம் பின்னர்த் தெரியவந்தது. கொசுவின் வயிறு மனிதக் குருதியைவிடக் குளிர்ந்தது. அங்குச் சாந்துரெனிக் அமிலம் என்னும் பொருளும் உண்டு. இவ்விரண்டும் ஒட்டுண்ணிக்கு இடம் மாறிவிட்டது என்னும் செய்தியைத் தருகின்றன.

கொசு கடித்தவுடன் ஒட்டுண்ணிகள் முதலில் கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள பொருள்களைத் தம் மேலுறைப் புரதத்தால் அடையாளம் கண்டு உட்புகுகின்றன. அங்குப் பெருகியபின் இரத்தச் சிவப்பணுக்களைத் தேடிச் செல்கின்றன. இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்சு வகை ஒட்டுண்ணி சிவப்பணுவில் பற்றிக்கொள்ளும் இடம் டஃபி எனப்படும் புரதம். மேற்கு ஆப்பிரிக்க மக்களுள் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் அப்புரதம் இல்லை. அதனால்தான் வைவாக்சு மலேரியா அவர்களை எளிதில் தாக்குவதில்லை என்பதை அமெரிக்க அறிஞர் லூயிஸ் மில்லரும் அவருடைய குழுவினரும் 1976ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர். பின்னர், டஃபி என்பது வீக்கத்தின்போது உடல் அனுப்பும் செய்திப் பொருள்களைப் பற்றும் ஏற்பி என்பது தெரியவந்தது. உடல் தன் தேவைக்காக வைத்த அழைப்புமணியைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு ஒட்டுண்ணி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

வழியும் வாயிலும்

ராஸ் காட்டிய நெறி, கொசுவை ஒழித்து வழியை அடைப்பது. ஏற்பிகளைப் பற்றிய அறிவு வாயிலையும் அடைக்கலாம் என்று காட்டியது. 2021ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு மலேரியாவுக்கு எதிரான முதல் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. 2023இல் பரிந்துரைக்கப்பட்ட மற்றொரு தடுப்பூசி புனே நகரில் தயாராகிறது. இவ்விரண்டும், ஒட்டுண்ணி கல்லீரலைப் பற்றப் பயன்படுத்தும் மேலுறைப் புரதத்தை உடலுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்கின்றன. உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அப்புரதத்தை மூடிக்கொள்ள, சாவி பூட்டை அடையாமல் போகிறது. முதல் தடுப்பூசியைத் தயாரிக்கும் முறையைப் பெறுவதற்கு ஐதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் 2021இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஆயினும் மலேரியாவால் உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ராஸ் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை. அவருடன் வெயிலில் கொசுப்புழு தேடிய உதவியாளர்களும், கடியைப் பொறுத்துக்கொண்ட உசேன் கானும் அப்பணியில் பங்குடையவர்கள். தேங்கிய நீரைக் கொட்டும் ஒவ்வொரு கையும் அப்பணியைத் தொடர்கிறது.

அருஞ்சொற்பொருள்

ஒட்டுண்ணி – மற்றோர் உயிரின் உடலில் தங்கி அதனால் வாழும் உயிர்
வாளா – செயலின்றி, சும்மா
நிறமி – நிறம் தரும் பொருள்
இசைவு – ஒப்புதல்
பூசல் – சண்டை
ஏற்பி – செல்லுக்கு வரும் செய்தியைப் பற்றிக்கொள்ளும் புரதம்
நெறி – வழி, முறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பெங்களூரில் நீர்த்தொட்டியைக் கண்ட ராஸ் என்ன செய்தார்? அதனால் விளைந்த பயன் யாது?
2. ஈராண்டுகள் சோதித்தும் ராஸ் வெற்றி பெறாமைக்குக் காரணம் என்ன?
3. வயிற்றுச் சுவரில் கண்ட செல்கள் ஒட்டுண்ணியே என்பதை ராஸ் எவ்வாறு உறுதிசெய்தார்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ஏற்பி செயற்படும் முறையை அழைப்புமணி உவமையைக் கொண்டு விளக்குக.
2. டஃபி புரதம் இல்லாதவர்களை வைவாக்சு மலேரியா எளிதில் தாக்காதது ஏன்?

இ. பிரித்து எழுதுக.
பழங்கட்டடம், ஈராண்டு, மேலுறை, உட்புகுந்து

ஈ. செய்து பார்க்க.
வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பெரியவர்களுடன் சேர்ந்து கண்டறிக. அவற்றின் பெயர்களைத் தமிழிலும், அக்கம்பக்கத்தார் பேசும் மொழியிலும் பட்டியலிடுக.